பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய முன்கால்கள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வண்டி எவ்வளவு பெரியதாயினும், எவ்வளவு அழகியதாயினும், அது நம்மைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது சக்கரத்தையும் அதைத் தாங்கும் அச்சையும் பொறுத்தே இருக்கின்றது.

அமெரிக்க நாட்டில் பழைய பிக்கப் வண்டிகளைக் குடும்பச் சொத்தாகப் போற்றிக் காப்பாற்றும் வழக்கம் உண்டு. பாட்டனார் வைக்கோலும் தீவனமும் ஏற்றிய வண்டியைப் பேரன் பழுது பார்த்து, வண்ணம் பூசி, தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றார். ஊருக்குள் ஓட்டும்வரை குறை ஒன்றும் தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும்போதுதான் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் அலைவதையும், சிறு பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி பக்கவாட்டில் துள்ளுவதையும் அவர் உணர்கின்றார்.

இந்தக் குறையைப் போக்க, முன்பக்கத்து ஒற்றை அச்சை அடியோடு நீக்கிவிட்டு, இரு சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷனைப் பொருத்துகின்றனர். இப்பணி எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் அடங்கியுள்ள பயன் என்ன, ஆபத்து என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஒற்றை அச்சின் இயல்பு

நம் ஊர் மாட்டு வண்டியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் கல்லின் மீது ஏறினால் அச்சு முழுவதும் சாய்கின்றது. அதனால் மறு சக்கரமும் சாய்கின்றது. 1948-ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு எஃப்-1, 1953-இல் அதன் இடத்தைப் பிடித்த எஃப்-100, 1947-இல் விற்பனைக்கு வந்த செவர்லே அட்வான்ஸ் டிசைன் ஆகிய பிக்கப் வண்டிகள் அனைத்திற்கும் முன்னச்சு இத்தகையதே. உறுதியான ஓர் எஃகு உத்திரம் இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம்வரை செல்லும். அதன் மேல் இருபுறமும் அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்குகள் அமர்ந்திருக்கும். சக்கரம் திரும்புவதற்கு அச்சின் இரு முனைகளிலும் கிங் பின் எனப்படும் தடித்த முளைகள் இருக்கும்.

இந்த அமைப்பில் இரண்டு சங்கடங்கள் உள்ளன. ஒரு பக்கத்து அதிர்ச்சி மறுபக்கத்திற்கும் பரவுவது முதலாவது. இரண்டாவது, கனமான அச்சு முழுவதும் ஸ்பிரிங்கிற்குக் கீழே தொங்குவது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்தக் கனம் முழுவதும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். கனமான பொருள் ஒரு முறை துள்ளினால் எளிதில் அடங்காது. அந்நேரத்தில் டயர் சாலையைப் பிடித்திருக்கும் பிடி தளர்கின்றது. டயர் சாலையைப் பிடிக்காதபோது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை.

அப்படியாயின் அக்காலத்துப் பொறியாளர்கள் அறியாமையால் இவ்வாறு செய்தார்களா? இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1934-ஆம் ஆண்டிலேயே தன் கார்களுக்குத் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனைக் கொண்டு வந்துவிட்டது. ஃபோர்டு நிறுவனம் சற்றுத் தாமதித்து, 1949-ஆம் ஆண்டு மாடல் கார்களில் அதனை ஏற்றது. ஆனால் பிக்கப் என்பது சுமை வண்டி. மண் சாலையில் மெதுவாக ஊர்ந்து செல்வதே அதன் தொழில். அதற்குத் தேவைப்பட்டவை உறுதியும் எளிய பராமரிப்புமே. ஒரு சுத்தியலும் கிரீஸ் கன்னும் இருந்தால் பண்ணையிலேயே பழுது பார்த்துவிடலாம். ஆகவே செவர்லே பிக்கப்புகள் 1960-ஆம் ஆண்டு வரையிலும், ஃபோர்டு பிக்கப்புகள் 1965-இல் இரட்டை உத்திர அமைப்பு வரும் வரையிலும் பழைய அச்சையே நம்பியிருந்தன.

இதற்கிடையே சாலைகள் மாறிவிட்டன. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்திற்கு அதிவேகச் சாலைகளை அமைக்கத் திட்டமிடப்பட்டது. அச்சாலைகள் தோன்றுவதற்கு முன்னரே வடிவமைக்கப்பட்ட வண்டிகள் இன்று அவற்றின் மீது ஓட வேண்டியிருக்கின்றது. குறை வண்டியில் இருப்பதைவிட, அதனிடம் நாம் கேட்கும் வேலையில்தான் அதிகம் இருக்கின்றது.

தனித்தனிக் கைகள்

தனித்தியங்கும் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரு கைகள் பிடித்திருக்கின்றன. சேஸிஸின் குறுக்கே அமைந்த ஓர் உறுதியான சட்டத்தில் அக்கைகள் கீல் போலப் பொருத்தப்பட்டுள்ளன. மறுமுனையில் பால் ஜாயிண்டுகள் வழியாகச் சக்கரத்தின் தண்டைத் தாங்குகின்றன. நடுவே சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கும். மேற்கை குட்டையாகவும் கீழ்க்கை நீளமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் வண்டியோடு சேர்ந்து சாய்ந்துவிடாமல், டயர் சாலையில் பதிந்து நிற்க இந்த ஏற்றத்தாழ்வு உதவுகின்றது.

இந்த வேறுபாட்டை நம்மவர் பலர் அனுபவத்தில் அறிந்திருப்பர். பழைய வில்லிஸ் ஜீப்பின் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங் மீது அமைந்த ஒற்றை அச்சு. 2014-ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரின் முன்பக்கமோ முறுக்குக் கம்பிகளால் தாங்கப்பட்ட தனித்தியங்கும் அமைப்பு. ஒரே குண்டும் குழியுமான சாலையில் இவ்விரண்டிலும் பயணம் செய்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உறுப்புகள் எங்கிருந்து கிடைக்கின்றன?

ஃபோர்டு நிறுவனம் 1974 முதல் 1978 வரை விற்பனை செய்த மஸ்டாங் 2 என்னும் சிறு காரின் முன் சஸ்பென்ஷன் இத்துறையில் பெரும் புகழ் பெற்றது. அது அளவில் சிறியது. பல்சட்டத்தால் இயங்கும் ரேக் ஸ்டியரிங் உடையது. டிஸ்க் பிரேக் கொண்டது. தொடக்கத்தில் பழைய கார்க் கிடங்குகளில் அதனைத் தேடி எடுத்தனர். பின்னர் பல தொழிற்கூடங்கள் அதே அமைப்பைப் பின்பற்றிப் புதிய உறுப்புகளையே செய்து, ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்ற தொகுப்பாக விற்கத் தொடங்கின. இன்று "மஸ்டாங் 2 சஸ்பென்ஷன்" என்று சொல்லி விற்கப்படுபவற்றில் மிகப் பல அந்தக் காரிலிருந்து வந்தவை அல்ல. அதன் வடிவத்தை ஒட்டிச் செய்யப்பட்டவை.

அடுத்தது கிரவுன் விக்டோரியா. அமெரிக்கக் காவல் துறையினரும் டாக்சிக்காரர்களும் மிகுதியாகப் பயன்படுத்திய பெரிய கார் இது. 2003-ஆம் ஆண்டு மாடல் முதல் 2011-இல் உற்பத்தி நிற்கும் வரை, இதன் முன் சஸ்பென்ஷன் ஓர் அலுமினியக் குறுக்குச் சட்டத்தோடு முழுத் தொகுதியாக அமைந்திருந்தது. போல்ட்டுகளைக் கழற்றினால் தொகுதி முழுவதும் கையோடு வந்துவிடும். கனமான காருக்காகச் செய்யப்பட்டதாதலால் பிக்கப்பின் எடையை எளிதில் தாங்கும். ஆனால் இது அகலம் மிகுந்தது. வண்டியின் பழைய வீல்களைப் பொருத்தினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும். உட்புறமாக ஆழ்ந்து அமரும் வீல்களைத் தேட வேண்டிவரும்.

இன்னொரு முறையும் உண்டு. பிக்கப்பின் சேஸிஸை நடுவில் வெட்டி, கமாரோ போன்ற காரின் முன்பகுதியை அப்படியே ஒட்டுவது. ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்த இம்முறையில், வண்டியின் முழு உறுதியும் அந்த ஒட்டுகளைச் சார்ந்து நிற்கின்றது. கைதேர்ந்தவர் செய்தாலன்றி இதில் இறங்காதிருப்பதே நலம்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை

வாசகர்களே, இவ்விடத்தில் சற்று நிதானிப்போம். வண்டி அலைகின்றது என்றவுடன் அச்சைக் குறை கூறிவிடுகின்றோம். ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகள் உழைத்த உறுப்புகள் தேய்ந்திருப்பதே பல வண்டிகளில் உண்மையான நோய். புதிதாக இருந்த நாளில் அந்த வண்டி இவ்வளவு மோசமாக ஓடியதில்லை.

முன்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகளால் பற்றி அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கரப் பேரிங்கில் தளர்ச்சி என்று பொருள். நிற்கவில்லையெனில் கிங் பின் தேய்ந்துவிட்டது. அவ்வாறே டை ராடு முனைகள், ஸ்டியரிங் பெட்டி, பட்டைகளின் புஷ்கள், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். இவற்றைப் புதுப்பித்து, ரேடியல் டயர் மாட்டி, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் கிங் பின்னின் சாய்வைச் சரிசெய்தால், பல வண்டிகள் நேராக ஓடத் தொடங்கிவிடும். பழைய அச்சிலேயே டிஸ்க் பிரேக் பொருத்தவும் வழியுண்டு.

இன்றும் சுமை ஏற்றுவதற்கே வண்டி பயன்படுமானால் பழைய அச்சே பொருத்தமானது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பாதுகாக்கப்பட்ட அரிய வண்டியாயின் அதில் கை வைக்காதிருப்பதே முறை. ஏனெனில் ரிவெட்டுகளை அறுத்து, சேஸிஸில் புதுச் சட்டத்தைப் பற்றவைத்த பின் பழைய நிலைக்குத் திரும்புதல் மிகக் கடினம். நெடுந்தொலைவு, நெடுஞ்சாலை வேகத்தில், குடும்பத்தோடு ஓட்டப் போகின்றவருக்கே இம்மாற்றம் உண்மையில் பயன்படுகின்றது.

வேலை நடைபெறும் முறை

மாற்றுவதென்று முடிவு செய்தபின், முதல் வேலை வெட்டுவது அன்று, அளப்பது. பழைய அச்சு இருக்கும்போதே அதன் மையம் சேஸிஸில் எங்கே விழுகின்றதென்று தூக்குக் குண்டு விட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இக்குறியே பின்வரும் அனைத்திற்கும் ஆதாரம். சில வண்டிகளில் சக்கரம் மட்கார்டின் வளைவில் சற்றுப் பின்தள்ளி இருப்பதால், புதிய மையத்தை ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னே வைப்பதும் உண்டு.

பின்னர் வண்டி ஓடும்போது எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்க வேண்டுமோ, அந்நிலையிலேயே சேஸிஸைத் தாங்கிகளின் மீது நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும். சேஸிஸ் பக்கவாட்டில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சட்டமும் கோணலாகவே அமையும். இந்நிலை உறுதியான பின்னரே பழைய அச்சும் பட்டைத் தாங்கிகளும் நீக்கப்படுகின்றன.

பழைய சேஸிஸின் நீள்சட்டம், 'ப' என்னும் எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்று ஒரு புறம் திறந்திருக்கும். ஒற்றை அச்சுக்கு அது போதுமானது. புதிய அமைப்பிலோ முன்பகுதியின் முழுத் தாக்குதலும் ஓரிடத்தில் குவிகின்றது. ஆகவே சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகட்டால் அந்தத் திறப்பை அடைத்து, பெட்டி போல் ஆக்குகின்றனர். அதன்பின் குறுக்குச் சட்டத்தை வைத்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வெல்டிங் மட்டும் செய்கின்றனர்.

இனி மீண்டும் அளவு. இடப்பக்கம் முன் மையத்திலிருந்து பின் மையம் வரையுள்ள நீளமும் வலப்பக்க நீளமும் ஒன்றாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1953 முதல் 1956 வரையிலான எஃப்-100 வண்டிக்கு இந்நீளம் 110 அங்குலம். மையத்தை முன்னே தள்ளியிருந்தால் அந்த அளவு கூடும். அடுத்து, குறுக்காக மூலைக்கு மூலை அளந்தாலும் இரு அளவுகளும் ஒத்திருக்க வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பது போன்றதே இது. அளவு தவறினால் புள்ளிகளை அறுத்துத் திருத்தலாம். முழுவதும் பற்றவைத்த பின் திருத்த இயலாது.

முழு வெல்டிங்கையும் ஒரே மூச்சில் செய்யலாகாது. சூடேறிய எஃகு குளிரும்போது சுருங்கி, சட்டத்தை வளைத்துவிடும். இடத்தில் ஓர் அங்குலம், வலத்தில் ஓர் அங்குலம், ஆறவிட்டு மறுபடியும் என்று பொறுமையோடு செய்ய வேண்டும். மேற்பூச்சில் அழகாகத் தெரிந்து, உள்ளே உருகிக் கலக்காத வெல்டிங் எந்நாளில் விரிசல் விடும் என்று எவராலும் சொல்ல முடியாது. வண்டியில் ஏறப்போகும் பெண்டு பிள்ளைகளின் உயிர் அந்தச் சில அங்குல எஃகின் பொறுப்பில் விடப்படுகின்றது. பற்றவைப்பவர் அதனை ஓர் அமானிதமாகவே கருத வேண்டும். தமக்கு அத்திறமை இல்லையெனில் திறமையுள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை

எல்லாம் பொருத்தமாகத் தோன்றியும், மேட்டில் ஏறியவுடன் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே வண்டி தானாகத் திரும்புவதுண்டு. அதன் காரணத்தை அறிந்து கொள்வது அவசியம். சக்கரம் மேலே எழும்போது, அதைத் தாங்கும் கைகள் ஒரு வில்வட்டத்தில் நகர்கின்றன. சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் தனக்குரிய ஒரு வில்வட்டத்தில் நகர்கின்றது. இரு வட்டங்களும் ஒத்துச் செல்லுமாறு ரேக்கின் நீளமும் உயரமும் அமைந்திருந்தால் தொல்லை இல்லை. ஒத்துச் செல்லாவிடில், டை ராடு ஒவ்வொரு குலுக்கலிலும் சக்கரத்தை இழுத்தும் தள்ளியும் திருப்பிவிடும்.

மஸ்டாங் 2 காரின் முன்சக்கர இடைவெளி சுமார் 56 அங்குலம். பழைய பிக்கப்புகளில் இது சில அங்குலம் அதிகம். வண்டி அகலமாயிற்றே என்று குறுக்குச் சட்டத்தை மட்டும் அகலப்படுத்தி, ரேக்கைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டால் மேற்சொன்ன பிழை நேரும். ஆகவே கைகளின் கீல்களுக்கும் ரேக்கின் முனைகளுக்கும் இடையேயுள்ள உறவை மாற்றாமல், வீல்களின் அமைப்பால் அகலத்தை ஈடு செய்வதே நல்லது. ஸ்பிரிங் இல்லாமல் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்து, அது திரும்புகின்றதா என்று அளந்து பார்க்கும் சோதனையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

தொடர்ந்து வரும் மாற்றங்கள்

ஒன்றை மாற்றினால் அதனோடு இணைந்த பலவற்றையும் மாற்ற வேண்டிவரும். ரேக் ஸ்டியரிங், சட்டத்தின் முன்புறம் அமர்வதால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இடிக்கக் கூடும். பின்புறம் ஆழமான தொட்டி தேவைப்படலாம். பழைய வண்டியில் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கி நிற்கும் ஒரே நீளக் கம்பி. புதிய அமைப்பில் அது இணைப்புகளோடு வளைந்து செல்கின்றது. மோதலில் மடங்கும் தண்டையும் பொருத்தலாம். இது ஒரு பெரும் பாதுகாப்பு. ஆனால் மூன்று இணைப்புகள் வைத்தால் நடுவே ஒரு தாங்கி பேரிங் கட்டாயம் வேண்டும்.

பிரேக் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பழைய வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் கசிந்தால் அனைத்தும் போய்விடும். ஆகவே முன்னும் பின்னும் தனி வழிகள் கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பொருத்துதல் இன்றியமையாதது. அது கால்தளத்தின் கீழே இருக்குமானால், உயரத்திலுள்ள டிஸ்க் பிரேக்கிலிருந்து எண்ணெய் பின்னோக்கி வடியாமலிருக்க ஒரு சிறு வால்வு வைக்க வேண்டும். முன் டிஸ்க்குக்கும் பின் டிரம்முக்கும் இடையே அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு இல்லையெனில், அவசர வேளையில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடக் கூடும்.

வீல் போல்ட்டுகளும் ஒத்துவருவதில்லை. மஸ்டாங் 2 காருக்கு நான்கு போல்ட்டுகள். எஃப்-100 வண்டிக்கு ஐந்து. செவர்லே அரை டன் வண்டிக்கு ஆறு. முன்னுக்கொரு வீல், பின்னுக்கொரு வீல் என்றிருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. இதனாலேயே பலர் பின்னச்சையும் மாற்ற நேரிடுகின்றது. பட்ஜெட் போடும்போதே இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதவர், பாதி வேலையில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிடுகின்றார்.

வேலை முடிந்தபின் வீல் அலைன்மெண்ட் செய்து, முதலில் மெதுவாக, ஆளில்லாத சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால் நேராக நிற்கின்றதா, வளைவிலிருந்து வெளிவரும்போது ஸ்டியரிங் தானே நேராகின்றதா என்று கவனிக்க வேண்டும். சில நாட்கள் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பார்த்து, வெல்டிங் ஓரங்களில் கீற்று விழுந்துள்ளதா என்று விளக்கொளியில் சோதிப்பது அறிவுடைமை.

நம் நாட்டு வாசகர்களுக்கு

இதைப் படித்துவிட்டு, வீட்டில் நிற்கும் பழைய ஜீப்பில் இப்பணியைத் தொடங்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் இதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நம் நாட்டிலோ 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடை செய்கின்றது. சட்டத்தை மீறி மாற்றப்பட்ட வண்டி விபத்துக்குள்ளானால் இன்சூரன்ஸ் பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

எனினும் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. கிங் பின், பால் ஜாயிண்ட், டை ராடு முனை, ஷாக் அப்சார்பர் என மேலே கூறியவை நம் வண்டிகளிலும் உள்ளவையே. எஞ்சினின் ஓசை சற்று மாறினாலும் பட்டறைக்கு ஓடும் நாம், முன்சக்கரம் ஆடுவதைப் பல மாதங்கள் பொறுத்துக்கொள்கின்றோம். எஞ்சின் நின்றுவிட்டால் வண்டி நடுவழியில் நிற்கும்; அவ்வளவுதான். முன்சக்கரத்தின் பிடி விட்டுப்போனாலோ, வண்டியை நிறுத்தவும் திருப்பவும் வழியிருக்காது.

அடுத்த முறை குடும்பத்தாரோடு வெளியூர் புறப்படுவதற்கு முந்திய நாள், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டு செல்லுங்கள். முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை அது.